நசீருதீனின் எழுபத்து மூன்று ஸ்டிரைக்கர்கள்

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நசீருதீனிடம் ஒரு கொள்கை இருந்தது. வாங்க வருகிறவர் முன்னால் மூன்று ஃபிரேம்களுக்கு மேல் வைக்கமாட்டார். நான்காவது வேண்டுமென்றால் அந்த மூன்றில் ஒன்று உள்ளே போக வேண்டும். "மூஞ்சி ஒண்ணுதான் இருக்கு. முப்பது ஃபிரேம் போட்டுப் பாத்தீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் முடிவு வராதுங்க" என்பார். இருபத்திரண்டு வருடமாக ஊர் இதைச் சகித்துக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்டவர் வீட்டில் கேரம் ஆடுகிற ஸ்டிரைக்கர்கள் மட்டும் எழுபத்து மூன்று இருந்தன.

ஒவ்வொன்றும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், மெத்தென்ற துணியில் படுத்திருக்கும். கூட்டின் மேல் சின்னச் சீட்டில் ஊர் பேரும் நிறமும் எழுதி ஒட்டியிருப்பார்: பாரிமுனை வெள்ளை, ஹைதராபாத் பச்சை, ஆரணி மஞ்சள். மழைக்காலத்துக்கு ஒன்று. பவுடர் ஜாஸ்தியான போர்டுக்கு ஒன்று, கம்மியான போர்டுக்கு ஒன்று. எதிரில் உட்காருகிறவர் இடதுகைக்காரராக இருந்தால் ஆடுவதற்கென்றே ஒன்று. அவருக்குத் தெரிந்த இடதுகை ஆட்டக்காரர் மொத்தமே ஒருவர்தான். அவரும் பெங்களூருக்குக் குடிபோய் ஆறு வருடம் ஆகிறது.

"கடையில கூடு தீந்துபோச்சுன்னு கஸ்டமர வெறுங்கண்ணாடியோட அனுப்புறீங்க. இங்க இதுங்க எல்லாம் மெத்த போட்டுத் தூங்குது" என்று அவர் மனைவி பீபி ஜான் அடிக்கடி சொல்வார். நசீருதீன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் கடைக்கு அரை நாள் லீவு. சாப்பிட்டுவிட்டுப் போளூர் ரோட்டில் ஒரு மோட்டார் பம்ப் கடையின் மாடிக்குப் போய்விடுவார். அங்கேதான் கேரம் கிளப். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் குமரேசன் அன்றைக்குப் பஸ் பிடித்து வந்துவிடுவார். இரண்டு பேரும் பதினோரு வருடமாக இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள். குமரேசனிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டிரைக்கர். சட்டைப் பையில் சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கும். அதை நசீருதீன் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

விவகாரம் ஆரம்பித்தது புரட்டாசியில், கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில். குமரேசனுக்குச் சொந்த ஊர். முன்வரிசையில் அவருடைய மாமனார், மச்சான், உரம் கடன் கேட்டு வருகிற பாதி ஊர். அரையிறுதி வரைக்கும் வந்தார்கள். நசீருதீன் பையில் பதினோரு ஸ்டிரைக்கர்களைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு போர்டு ஆட்டம் முடிந்ததும் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார், விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், துணியால் துடைப்பார், மறுபடியும் வைத்துவிடுவார். நடுவர் இரண்டு தடவை கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

கடைசி போர்டு. ஒரே ஒரு வெள்ளைக் காய் மிச்சம். இடது மூலையில், பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி. காயின் ஓரத்தில் மெல்லிசாக உரசி ஒரு கட் அடித்தால் ஆட்டம் முடிந்தது. நசீருதீன் மூன்று ஸ்டிரைக்கர்களை எடுத்து வைத்து யோசித்து, ஆரணி மஞ்சளைத் தேர்ந்தெடுத்து அடித்தார். காய் பாக்கெட்டின் வலது உதட்டில் மோதித் திரும்பி வந்தது. எதிராளிகள் அடுத்த கையிலேயே முடித்துவிட்டார்கள்.

"மஞ்சள் வழுக்கிடுச்சி. பாரிமுனை வெள்ளைய எடுத்திருக்கணும்" என்றார் நசீருதீன்.

குமரேசன் தன் மாமனார் எழுந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் நசீருதீன் ஸ்டிரைக்கரின் எடையைப் பற்றி ஆரம்பித்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"பாய், உன் கடைக்கு வர்றவனுக்கு எத்தினி ஃபிரேம் காட்டுவ?"

"மூணு."

"ஏன்?"

"நாலு காட்டினா கொழம்பிடுவான்."

"அப்ப எழுவத்தி மூணு வெச்சிருக்கிறவன் இன்னா ஆவான்?"

நசீருதீன் டீயைக் குடித்தார். 

"ஒரு மண்டலம்" என்றார் குமரேசன். "நாப்பத்தெட்டு நாளு. மூணே மூணு ஸ்டிரைக்கர். மீதியத் தொடக்கூடாது. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோ."

"நாப்பது நாளுன்னா சரி."

"இதுலயும் பேரமா? சரி, நாப்பதே இருக்கட்டும்."

மூன்றைத் தேர்ந்தெடுக்க நசீருதீனுக்கு நான்கு நாள் ஆனது. பாய் விரித்து எழுபத்து மூன்றையும் பரப்பி, முதல் சுற்று, கால் இறுதி என்று போட்டியே வைத்தார். ஹாலில் நடக்க வழியில்லாமல் பீபி ஜான் சமையலறையிலிருந்து வாசலுக்குச் சுவரை ஒட்டிப் போய்வந்தார். கடைசியில் பாரிமுனை வெள்ளை, ஹைதராபாத் பச்சை, வேலூர் நீலம் மூன்றும் தேறின. மற்ற எழுபதையும் பீபி ஜான் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் ஒரு நிபந்தனை போட்டார்.

"நாப்பது நாளு முடிஞ்சதும் இங்க வந்து நின்னு, எது எது வேணும்னு பேர் சொல்லிக் கேளுங்க. பேர் சொல்றது உங்களுக்கு. பேர் வராதது வெளிய."

"எல்லாத்துக்கும் பேர் தெரியும்" என்றார் நசீருதீன்.

முதல் வாரம் மகா அவஸ்தை. ஆட்ட நடுவில் கை தானாகப் பையைத் தேடும். கிளப்பில் தல்ஹா என்கிற பழக்கடைக்காரரிடம், "தம்பி, உன் ஸ்டிரைக்கர ஒரு கை குடு, எடை பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கி இரண்டு ஷாட் அடித்துவிட்டார். குமரேசன் போர்டைத் தட்டி, "அந்நிய ஸ்டிரைக்கர் செல்லாது" என்றார். இரண்டாவது வாரம், யாருக்கும் தெரியாமல் போனில் புதிதாக ஒன்று ஆர்டர் போட்டார். பழையதைத் தொடக்கூடாது என்றுதானே பேச்சு, புதியதைப் பற்றிப் பேச்சே இல்லையே என்பது அவர் வாதம். கடை முகவரிதான் கொடுத்திருந்தார். ஆனால் பார்சல் வந்த அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். கடைத்தெருவில் வண்டி விடவில்லை. கொண்டுவந்தவர் கடையை அடைய முடியாமல், பழைய ஆர்டரில் இருந்த வீட்டு முகவரியைத் தேடிப் போய்விட்டார். பீபி ஜான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே பீரோவில் வைத்தார். ராத்திரி சாப்பாட்டில் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ரசத்தில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. போர்டு ஈரத்தில் இழுத்தது. மழைக்கென்று வைத்திருந்த ஸ்டிரைக்கர் பீரோவுக்குள். வேறு வழியில்லாமல் வேலூர் நீலத்தையே கொஞ்சம் அழுத்தி அடித்துப் பார்த்தார். போனது. அடுத்த வாரம் காய்ந்த போர்டில் அதையே லேசாக அடித்தார். அதுவும் போனது. இது அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏனோ ஏமாந்த மாதிரிதான் இருந்தது. அந்த மழை ஸ்டிரைக்கருக்காக அவர் ஒரு தடவை விழுப்புரம் வரைக்கும் போய்வந்திருந்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை குமரேசன் ஆட்டத்தை நிறுத்தினார்.

"பாய், ஒண்ணு கவனிச்சியா? இப்ப எல்லாம் நீ ஒரே நீலத்துலதான் ஆடற. ஆனா இடது மூலைக்குக் கட் அடிச்சா மட்டும் போகமாட்டேங்குது. இன்னிக்கு ஆறு தடவ அடிச்ச. ஆறும் வலது உதட்டுலதான் பட்டுது."

"நீலம் கொஞ்சம்…"

"நீலத்தச் சொல்லாத. முந்தி வெள்ளையில அடிச்சப்பவும் அங்கதான் பட்டுது. அன்னிக்கு எங்க மாமனார் முன்னாடி மஞ்சள்ல அடிச்சியே, அப்பவும் அங்கதான்." குமரேசன் ஒரு கறுப்புக் காயை எடுத்து அந்த மூலையில் வைத்தார். "இந்தக் காயோட ஓரம் தெரியுதா?"

"தெரியாம என்ன? ரெண்டு ஓரமும் நல்லாத் தெரியுது."

"எது ரெண்டு? நான் இந்தப் பக்கத்து ஓரத்த மட்டும் கேட்டேன்."

"நானும் இந்தப் பக்கத்தத்தான் சொல்றேன். முன்னாடி ஒண்ணு, அதுக்குப் பின்னாடி லேசா ஒண்ணு."

பக்கத்து போர்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். குமரேசன் மெதுவாகக் கேட்டார்: "ஒரு காய்க்கு ஒரு பக்கத்துல ரெண்டு ஓரமா பாய்?"

நசீருதீன் தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், துடைத்தார், மாட்டினார். இரண்டாவது ஓரம் அங்கேயேதான் இருந்தது.

கடையில் கண் பரிசோதனைக்கென்று வாரத்தில் மூன்று நாள் வினோதினி என்கிற பெண் வருவாள். படித்துத் தேர்ந்தவள். மறுநாள் காலை கடை திறந்ததும் நசீருதீன் அவளிடம், ஏதோ மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற தோரணையில், "எனக்கு ஒரு டெஸ்ட் பண்ணுமா" என்றார்.

"கடைசியா எப்ப சார் பாத்தீங்க?"

"வருஷா வருஷம் நானே பாத்துக்கறேன். பவர் மாறவே இல்ல."

உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்து முடித்தார்.

வினோதினி சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் சொன்னாள்: "சார், நான் இன்னும் லைட்டே போடல."

இருபத்திரண்டு வருடமாக அதே அட்டை. எதிரில் உட்கார்ந்து ஆயிரம் பேர் அதைப் படிக்கக் கேட்டவர். வருடா வருடம் தானே பரிசோதித்து, தானே பாஸ் போட்டுக்கொண்டவர். வினோதினி வேறு அட்டையைத் தொங்கவிட்டாள். நாலாவது வரியிலேயே நசீருதீன் தொண்டையைக் கனைத்தார். வலது கண்ணில் சிலிண்டர் பவர் ஏறியிருந்தது. ஒரு ஓரம் இரண்டாகத் தெரிந்தது அதனால்தான். கிட்டப் பார்க்கவும் தனி பவர் வேண்டியிருந்தது.

"ஃபிரேம் எது சார் போடட்டும்?" என்று கேட்டாள். நசீருதீன் ஏறக்குறைய இருபது ஃபிரேம்களை மாட்டிப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியை உள்ளே எடுத்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுக் கண்ணாடியோடு அதே மூலைக்கு அதே நீலத்தில் அடித்தார். காய் சத்தமில்லாமல் விழுந்தது. குமரேசன் கை தட்டவில்லை. "பதினோரு வருஷம்" என்று மட்டும் சொன்னார்.

நாற்பதாவது நாள், கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், பீபி ஜான் பீரோவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ம், சொல்லுங்க."

முதல் ஐந்து பெயர்கள் தண்ணீர் மாதிரி வந்தன. ஆறாவதுக்குக் கண்ணை மூடினார். பிறகு இழுத்தார்.

"அந்த… ஓரத்துல செவப்புக் கோடு போட்டது…"

"பேரு?"

"ஆரணில வாங்கினது."

"ஆரணில வாங்கினது நாலு இருக்கு."

எட்டோடு நின்றுவிட்டார். "ஒரே ஒரு தடவ தெறந்து காட்டேன், எல்லாம் நெனவுக்கு வந்துடும்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"காட்டினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கத சொல்லுவீங்க. கத கேட்டா எனக்கும் மனசு எளகிடும். வேணாம்."

அந்தப் பிரிக்காத பார்சலை அவர் எடுத்து ஆட்டிக் காட்டினார். ஆர்டர் போட்டதே நசீருதீனுக்கு மறந்துபோயிருந்தது. பிறகு பீபி ஜான் இன்னொரு கூட்டைத் திறந்து, மங்கிய வெள்ளையில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது?"

நசீருதீன் குனிந்து பார்த்தார். "இது… சென்னையிலயா?"

"கல்யாணம் ஆன ரெண்டாவது மாசம். வேலூர் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. எனக்கு வளையல் வாங்கித் தரேன்னு கடைத்தெருவுக்குப் போயி இத வாங்கிட்டு வந்தீங்க."

நசீருதீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "இது எனக்கு வேணும்" என்றார் அவசரமாக.

"பேர் வரல இல்ல? இது என்னுது" என்று பீபி ஜான் அதைத் தன் நகைப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

பிரிக்காத பார்சலையும் சேர்த்து மிச்சம் அறுபத்திரண்டு. முதலிலேயே தேறிய மூன்றில் ஹைதராபாத் பச்சையை நாற்பது நாளில் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருந்தார் என்பதால் அதுவும் சேர்ந்து அறுபத்து மூன்று ஆனது. இரண்டு கைப்பைகளில் போட்டுக் கிளப்புக்குத் தூக்கிப் போனார்.  மேசையில் கொட்டிவிட்டு, "யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் இரைச்சல் கேட்டுத் திரும்பினார். தல்ஹா ஐந்தை அள்ளிக்கொண்டு எது கனம் என்று கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒன்றை மாற்றி அடித்துப் பார்த்தார்கள். "இது வழுக்குது", "அது இழுக்குது", "அந்தப் பச்சைய இப்பிடிக் குடு." அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் எந்த போர்டிலும் ஒரு ஆட்டம்கூட முடியவில்லை.

"ஒரு பைத்தியத்தத் தெளிய வெச்சேன். பதினெட்டு பேருக்குப் புடிச்சிக்கிச்சி" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார் குமரேசன்.

தை மாதம் போளூரில் நடந்த போட்டிக்கு நசீருதீன் நீலத்தை மட்டும் எடுத்துப்போனார். இறுதிப் போட்டி வரைக்கும் வந்தார்கள். அது பதினோரு வருடத்தில் முதல் தடவை. கடைசி போர்டில் நேராகப் போக வேண்டிய ஒரு சுலபமான காயை நசீருதீன் தவறவிட்டார். தோற்றார்கள். வெளியே வந்து இரண்டு பேரும் செருப்பைத் தேடினார்கள்.

"இன்னா ஆச்சு?" என்றார் குமரேசன்.

நசீருதீன் விரல் விட்டு எண்ணினார். "ஸ்டிரைக்கர் நல்லா இருந்துது. கண்ணாடி நல்லா இருந்துது. போர்டும் நல்லா இருந்துது."

"அப்பறம்?"

"பயந்துட்டேன்."

குமரேசன் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "எனக்கும் பயம்தான் பாய். வா, போட்டிக்காரங்க போடுற பிரியாணி ஆறிடப் போவுது" என்று தோளில் கை போட்டு நடக்க ஆரம்பித்தார்.