மலைநாட்டான் எழுதிய பதில்

எழுதுவது என் வேலையல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள், பலர் படிக்கும் தாளில் எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்லத் துணியாத ஒன்று இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், களுவாஞ்சிகுடியில் பாட்டுக் கசெற் பதியும் கடை வைத்திருந்தார். எங்கள் பக்க வழக்கப்படி கலியாணம் முடித்ததும் பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அவரோடு ஒரு கணினியும் வந்தது. கோயில் திருவிழாக்களில் பதிந்த பழைய கூத்துக் கசெற்றுகளை அதில் ஏற்றி, இணையத்தில் ரொரண்டாக, எடுப்பவர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று துண்டு துண்டாகக் கொடுத்துக்கொள்ளும்படி, போடுவார். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் நம்மவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து அவற்றை எடுப்பார்கள். எடுத்தவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் சட்டம். எங்கள் வீட்டு இணைப்பு நத்தை. ஒரு கூத்துப் போய்ச் சேர இரண்டு கிழமை, பதினான்கு நாள், ஆகும். கணினியை நிறுத்தினால் பாதி எடுத்தவர்கள் பாதியிலேயே நிற்பார்கள்.

கடை வாசலில் தன் பெயரை இரண்டடி உயரத்தில் எழுதி வைத்திருந்த மனிதர், இணையத்தில் மட்டும் பெயரில்லாமல் இருந்தார். போர்க்காலம் அது. எந்தப் பெயர் எங்கே எழுதப்பட்டால் யார் வாசிப்பார்கள் என்று தெரியாத காலம். அங்கே அவர் பெயர் மலைநாட்டான். தேயிலைச் செடியைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். யாராவது சுகம் விசாரித்தால், மலைநாட்டுக் குளிரில் இருப்பவர் போல, மின்காற்றாடிக்கு முன்னால் இடுப்பில் சாரத்தோடு வியர்த்தபடி, “சுகம். குளிர்தான் கொஞ்சம் கூட” என்று எழுதிவிட்டுத் தானே சிரிப்பார். எங்கள் கணினியின் இருப்பிடம் ஐரோப்பாவிலுள்ள ஒல்லாந்து என்று மற்றவர்களுக்குக் காட்டும்படியும் ஏதோ செய்து வைத்திருந்தார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ்த் தட்டச்சு அவரைவிட எனக்கு வேகமாக வந்தது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பதுண்டு. கடவுச்சொல்லும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

“சின்ன மச்சாள், இஞ்ச மழை பெய்யுதெண்டுகூட எழுதப்படாது. மழையை வெச்சே ஊரக் கண்டுபிடிச்சிருவானுகள்” என்று என்னை எச்சரிப்பார். அக்காவுக்கு இதெல்லாம் விளையாட்டு. கணினிப் பக்கமே வரமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர் வீடு வந்து சேரவில்லை. வழியிலுள்ள பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. கூத்துக் கசெற்றுகளுக்கும் அவர் போனதற்கும் தொடர்பு இருந்ததா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.

அம்மாவும் அக்காவும் விடிந்தால் அவரைத் தேடிப் புறப்படுவார்கள், பொழுதுபடத் திரும்புவார்கள். நான் பள்ளி விட்டு வந்து வெறும் வீட்டில் இருப்பேன். பாதியில் நிற்கிறவர்களின் நினைவு வந்தது. கணினியைப் போட்டேன். நூற்றுக்கு எழுபது வீதத்தில் ஒருவர், தொண்ணூற்றிரண்டில் ஒருவர் காத்திருந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் போட்டேன். அத்தான் வந்ததும், தன் வேலை தடைப்படாமல் நடந்திருப்பதைக் கண்டு மெச்சுவார் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து குழுவில் ஒருவர், “மலைநாட்டான் அண்ணா, கன நாளாகப் பேச்சில்லையே, சுகமா?” என்று கேட்டிருந்தார். பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று பட்டது. “சுகம். குளிர்தான் கொஞ்சம் கூட” என்று அடித்தேன்.

அந்தக் கிழமைதான், காணாமற்போனவர்களின் விபரம் பதியக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாகவும், எங்கள் பகுதிக்கு ஒரு நாள் மட்டுமே என்றும் அறிவித்திருந்தார்கள். பதிந்தால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அக்கா மறுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பல நாள் மன்றாடி இணங்க வைத்து, கலியாணப் பதிவையும் படத்தையும் ஒரு உறையில் எடுத்து வைத்திருந்தார்.

பதிவுக்கு முதல்நாள் காலையில் சுவிசிலிருந்து அத்தானின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். மலைநாட்டான் யாரென்று எங்கள் வீட்டுக்கு வெளியே அறிந்த ஒரே ஆள் அவர். அண்ணன் எழுதியிருக்கிறார் என்றார். அந்தக் குளிர்க் கதையை அவரைத் தவிர எவரும் எழுதமாட்டார்கள், ஒல்லாந்து என்று காட்டுகிறது, தப்பிப் போய் ஒளிந்திருக்கிறார் என்றார். அந்த இருப்பிடம் அத்தான் செய்து வைத்த ஏமாற்று என்பது அவருக்குத் தெரியாது. அக்கா அந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். இரண்டு மாதமாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிறவள், அன்று மத்தியானம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“இனிப் போய்ப் பேரக் குடுத்தா, நாமளே அவரக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும்மா” என்றாள்.

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “ஆரோ எழுதினத நம்பி இரிக்கிறியேகா” என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“புள்ள, உனக்குத்தானே அந்தப் பெட்டியப் பத்தித் தெரியும். அவர்ர பேரில வேற ஆரும் எழுதேலுமா?”

“கடவுச்சொல் தெரிஞ்சாத்தான் ஏலும்.”

“அது அவருக்கு மட்டும்தானே தெரியும்?”

அவள் வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் “ஓம்” என்றேன்.

கேட்காமல் கணினியைத் தொட்டதற்கு ஏச்சு விழும் என்ற பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன். அக்கா சாப்பிட்டாள். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? பதிவுக்காரர்கள், பள்ளியில் ஊசி போட வருகிறவர்களைப் போல், தவறினால் அடுத்த முறை வருவார்கள் என்று எண்ணினேன். பெயரில்லாமல் இருப்பது ஒரு மனிதரைக் காப்பாற்றும் என்று அத்தானிடம் படித்திருந்தேன். பெயர் எங்கும் பதியாமல் இருந்தால் ஒரு மனிதர் எங்குமே இல்லாமற்போவார் என்பதை அவர் சொல்லித் தரவில்லை. சில மாதத்தில் கணினி பழுதானது. மலைநாட்டான் பிறகு எழுதவில்லை. அக்கா இப்போதும் யாராவது ஒல்லாந்து என்றால் நிமிர்ந்து பார்க்கிறாள்.

பதிவு நாளன்று அம்மா உறையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மனைவி வராமல் பதிய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு அவர்கள் மேசைகளை மடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.