மருந்து அறையும் மெயில் பெட்டியும்

சிவகாசியில் எங்கள் காலண்டர் பிரஸ் ஆபீஸில் மாரித்தாய் அக்காவுக்கு ஒரு நாற்காலி உண்டு. அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் குனிந்து வேலை பார்த்து, பிறகு இங்கே பைண்டிங்கில் காலண்டருக்குத் தகரம் அடித்து, நின்று நின்று கால் வீங்கி, அதற்கப்புறம் கிடைத்த நாற்காலி அது. வெளியூர்க் கடைக்காரர்களிடம் போனில் ஆர்டர் எடுப்பது அவர் வேலை. மகள் சினேகா பள்ளிக்கூடத்தில், "எங்கம்மா ஆபீஸ்ல இருக்காக" என்று சொல்லித் திரிவாள்.

அந்த நாற்காலிக்கு மெயில் உருவத்தில் வந்தது வினை. போனில் சொன்னதைச் சொல்லவில்லை என்றும், சொல்லாததைச் சொன்னதாகவும் கடைக்காரர்களோடு தகராறு முற்றியதால், இனி எல்லாம் மெயிலில்தான் என்று முதலாளி பாண்டிச்செல்வம் முடிவு செய்தார். பக்கத்து மேசையில் டிசைன் போடுகிற நான் அக்காவுக்குப் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்ததோடு சரி. சொல்லிக்கொடுக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

ஆடிப் பதினெட்டு எங்களுக்கு வெறும் பண்டிகை இல்லை. அடுத்த வருடக் காலண்டர் படங்களின் ஆல்பத்தை வெளியிடும் நாள். அதற்கான அழைப்பை அனுப்பும்போது, அக்கா எல்லாக் கடைக்காரர்களின் முகவரியையும் ஒரே கட்டத்தில் வரிசையாகப் போட்டுவிட்டார். ஒரே தெருவில் ஒரே தொழில் செய்கிறவர்களுக்கு ஒரே படத்தைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் பிரஸ் வழக்கம். சாத்தூர் நகைக்கடைக்காரர் ஒருவர், "மயில்மேல் முருகன் எனக்குத்தான்" என்று பதில் போட, அது எல்லோருக்கும் போய்விட்டது. எதிர்க்கடைக்காரர் விடுவாரா? "அது எனக்குச் சொன்ன முருகன்" என்று அவரும் எல்லோருக்கும் போட்டார். சாயங்காலத்துக்குள் தேனிக்காரர், தூத்துக்குடிக்காரர் எல்லாம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

"மாரித்தாயி, தீபாவளி வரைக்கும் பாப்போம். ஒத்துவரலைன்னா பைண்டிங்ல எடம் இருக்கு" என்றார்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. எனக்கு முதலாளி மேல் எரிச்சலாக வந்தது. முன்பின் தெரியாத ஒன்றைத் தலையில் கட்டிவிட்டு, தவறினால் கீழே இறக்குவதாம்!

அதற்குள் மெயில் பெட்டி நிரம்பி வழிந்தது. படித்தது, படிக்காதது, பேங்க் விளம்பரம், பழைய முருகன் சண்டை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஒரு நாள் காலையில் அக்கா அதையே வெறித்துப் பார்த்தார்.

"வாணி, இங்கன பாரு. இது மருந்து ரூமா இருந்தா இம்புட்டையும் குமிச்சு வைக்க விடுவாகளா?"

மருந்து அறையில் கலந்ததை உடனே அடுத்த அறைக்கு அனுப்பிவிட வேண்டும். மிச்சம் கிடக்கக் கூடாது. வேலை முடிந்து கிளம்பும்போது தரை துடைத்த மாதிரி இருக்க வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்று தாயில்பட்டிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அக்கா திறந்த மெயிலைச் சும்மா மூடியதே இல்லை. பதில் வேண்டுமா, அப்போதே பதில். டிசைன் வேலையா, என் பெட்டிக்குத் தள்ளிவிடுவார். முடிந்ததெல்லாம் அந்தந்த ஊர் பெயர் போட்ட ஃபோல்டருக்குப் போகும். விளம்பரம் குப்பைக்கு. ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் அனுப்பும் கட்டத்தையும் என்னைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். சாயங்காலம் அவர் கிளம்பும்போது பெட்டி காலியாக இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம், சீசன் உச்சத்தில் இருந்தது. அக்கா இடத்துக்குக் கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தியை வரச் சொல்லியிருப்பதாகவும் பேச்சு. மதியம் டீ குடிக்கிற நேரத்தில் காலிப் பெட்டியில் ஒரே ஒரு மெயில் வந்து விழுந்தது. ராஜபாளையம் ஜவுளிக்கடை நவநீதகிருஷ்ணன் அனுப்பியிருந்தார். கடை வேறு தெருவுக்கு மாறுகிறது, காலண்டரில் புது முகவரி போடுங்கள் என்று எழுதியிருந்தார்.

அந்த ஆர்டருக்குக் கடைப்பெயர் அடிக்க அப்போதுதான் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. அக்கா டீயை வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"ஏலே முத்துப்பாண்டி, நிப்பாட்டுலே! மிஷின நிப்பாட்டு!"

மிஷின் நின்றது. வீணானது ஒரு கைப்பிடி தாள்தான். சத்தம் கேட்டு முதலாளி கோபமாக வந்தார். அக்கா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். முதலாளி அந்தத் தாளைப் பார்த்தார், அடிக்காமல் கிடந்த அடுக்கைப் பார்த்தார்.

"இம்புட்டு மெயில்ல இது மட்டும் எப்படி ஒங்க கண்ணுல பட்டுச்சு?"

"காலி ரூம்ல ஒன்னு விழுந்தா கண்ணுல படாதா மொதலாளி?" என்றார் அக்கா.

முதலாளி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். தீபாவளி வந்தது, போனது. அந்தப் பெண்ணும் வரவில்லை. பைண்டிங் பேச்சும் வரவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் இந்த மனுஷன்?

கார்த்திகையில் ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற முதலாளியிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. கடைகளுக்கெல்லாம் நாங்கள் அனுப்புகிற எங்கள் பிரஸ்ஸின் சொந்தக் காலண்டரின் மாதிரிப் படம் அதில் இருந்தது. மயில்மேல் முருகன். கீழே, கம்பெனி பெயருக்கு அடியில், 'ஆர்டர்களுக்கு: திருமதி மாரித்தாய்' என்று, டிசைன் போடுகிற எனக்கே தெரியாமல், கொட்டை எழுத்தில் போட்டு, மெயில் முகவரியும் கொடுத்திருந்தார். 'பார்த்துச் சொல்லவும்' என்று ஒரே வரி.

அக்கா தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். 'சரியாக உள்ளது. அடிக்கலாம்' என்று பதில் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவோ, அந்த மெயிலைச் சிவகாசி ஃபோல்டரில் போட்டு, பெட்டி காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அழுதார்.