நாற்பத்தோராம் பக்கத்து முகம்

மாலை நான்கு இருபதுக்கு என் மகள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான்கு மணிக்குப் பள்ளி விடும். வடசென்னை டோல்கேட் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம். நான்கு நாற்பதுக்குத் தூரிகையைக் கழுவாமலே எழுந்து போனேன்.

பள்ளி வாசலில் அவள் வகுப்புப் பெண் ஒருத்திதான் நின்றிருந்தாள்.

"அவ அப்பவே போய்ட்டா அங்கிள். மத்தியானம் கிளாஸ் பொண்ணுங்க அவ பெஞ்சு மேல பூ போட்டு ஒப்பாரி வெச்சாளுங்க. உங்க புக்குல அவ செத்துட்டால்ல, அதான். சும்மா கலாய்ச்சாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "படம் சூப்பரா கீது அங்கிள்" என்றாள்.

காமிக்ஸ் ஓவியன் என்று சொல்லிக்கொள்வேனே தவிர, பதினைந்து வருடம் நான் செய்தது வேறு வேலை. வெளிநாட்டுச் சித்திரக் கதைகள் வரும். பேச்சு பலூன்களில் இருக்கும் ஆங்கிலத்தை வெள்ளை வண்ணத்தால் அழித்துத் தமிழில் எழுதுவேன். நீச்சலுடையில் நிற்கும் பெண்களுக்குக் கறுப்பு மையால் கைவைத்த ரவிக்கையும் நீளப் பாவாடையும் போட்டுவிடுவேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, "வெள்ளக்காரிக்குத் துணி மாட்டவா உன்ன படிக்க வெச்சேன்?" என்று சாகும்வரை கேட்டார். என் பெயர் ஒரு புத்தகத்திலும் வந்ததில்லை.

நாற்பது வயதில் சொந்தமாக ஒரு கதை வரையச் சொன்னார்கள். கடத்தல் கும்பல் ஒரு சிறுமியைத் தூக்கிப்போகும் கதை. மாடலுக்கு ஆள் வைக்க எனக்கு எங்கே முடியும்? மகளை நாற்காலியில் உட்காரவைத்துத் துப்பட்டாவால் கட்டி வரைந்தேன். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பாதிக் கதையில் பதிப்பக ஆசிரியர் கூப்பிட்டார். "பொண்ணு பொழைச்சுட்டா ஹீரோவுக்கு எப்படி சார் கோபம் வரும்? கொன்னுடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து செத்த சிறுமியின் முகத்தை வரைந்தேன். அவளிடம் சொல்லவில்லை. மை காய வைத்திருந்த பக்கத்தை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"மூஞ்ச மாத்து."

"நாளைக்குக் குடுக்கணும். நேரமில்ல."

பொய். இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் வரைந்த முகங்களிலேயே அது ஒன்றுதான் நினைத்தபடி வந்திருந்தது. அழிக்க மனம் வரவில்லை. புத்தகம் வந்த அன்று டோல்கேட் புத்தகக் கடைக்காரரிடம் நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, "என் பொண்ணு" என்று பெருமையாகக் காட்டினேன். அவரும் வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார்.

பள்ளியிலிருந்து நேரே கடற்கரைக்கு ஓடினேன். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் காசிமேட்டிலிருந்து வடக்கே நீளமாகக் கிடக்கின்றன. கதையில் அவள் உடல் ஒதுங்குவது அங்கேதான். எந்தப் பாறையில் தலை சாய்ந்திருக்கும், முடி எந்தப் பக்கம் மிதக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாறை இடுக்கையும் எட்டிப் பார்க்கும் முன்பே அந்தப் படம் கண்ணில் வந்து நின்றது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா தேடறே?" என்றார். நான் அடுத்த பாறைக்குத் தாவினேன்.

இருட்டியபின் வீட்டுக்கு வந்தேன். மனைவி எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பேசிவிட்டு வாசலில் நின்றிருந்தாள். இன்றைக்கும் அந்த நாளைப் பற்றி அவள் பேசுவதில்லை.

ஏழே காலுக்குப் புத்தகக் கடைக்காரர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் என் மகள். விரலெல்லாம் பேனா மை.

"மூணு மணி நேரமா என் கடையிலதான் சார் குந்திகினு இருந்துச்சி. ஒவ்வொரு புக்கா எடுத்து, செத்த பொண்ணுக்குப் பேனாவால கண்ணு தொறந்து வெச்சிகினே இருக்குது. நானும் உட்டுட்டேன். பெத்த பொண்ண போயி இப்படியா சார் வரைவாங்க?"

மனைவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்புக்குள்ளிருந்தே மகள் என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"மத்த கடைங்கள்ல இன்னும் எத்தினி புக்கு கீது, நைனா?"