விட்டுப்போன சிங்கப்பூர்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு விசா ஏஜென்சியில் பல வருஷம் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஒரு கேஸை மட்டும் எழுதி வைக்கிறேன். அது என் சித்தி மகள் விஜயாவின் கேஸ்.

நாங்கள் இருவரும் கோலா கங்சார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறி வேலை குறைந்ததும் இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்தன. அவள் நர்ஸ் ஆனாள், நான் இந்த ஏஜென்சியிலேயே கிளார்க் ஆனேன். ஆஸ்திரேலியா போக முதலில் ஆசைப்பட்டவள் நான்தான். படிப்பு, வேலை பார்த்து அவர்கள் கேட்கும் பாயிண்ட் எனக்குத் தேறாததால் விண்ணப்பிக்கவே இல்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு நான் இங்கேயே இருந்தேன். அப்படியிருக்க ஒரு நாள் விஜயா, ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறும் பிஆர் விண்ணப்பத்தோடு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எல்லாம் ரெடிக்கா. நீங்க ஒரு தடவ பார்த்துட்டு அனுப்புனா போதும்லா,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை அனுபவத்தில் பத்து காஜா என்ற ஊரில் ஒரு மருத்துவமனை, அடுத்து ஈப்போவில் ஒரு கிளினிக் என்று எழுதியிருந்தாள். நடுவில் சிங்கப்பூர் இல்லை. கிளினிக்கில் சேர்ந்த தேதியை முன்னால் தள்ளி இடைவெளியை அடைத்திருந்தாள்.

வேறு யாருடைய கேஸாக இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் வேலை பார்த்த காலம் முழுக்க, சித்தி வாயால் அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு வெந்தவள் நான். அங்கிருந்தபடியே அவள் மெல்பர்னுக்குச் சுற்றுலா போனதையும் மறக்கவில்லை. அந்தச் சுற்றுலா விசாவுக்குச் சிங்கப்பூர் வேலையைத்தானே எழுதியிருப்பாள்? அது ஆஸ்திரேலிய அரசிடம் பதிவில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் பொய் என்று மறுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் சில வருஷம் விண்ணப்பிக்கவும் முடியாது. அதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

“நாளைக்கு வா,” என்று அவளை அனுப்பிவிட்டேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவளும் என்னைப் போல இங்கேயே கிடப்பாள். அந்த நினைப்பு எனக்கு இனித்தது, உண்மை.

சாயங்காலம் பாஸ் எட்டிப் பார்த்தார். “தங்கச்சி கேஸ் ஓகேவா?”

ஓகே என்றால் ‘சரிபார்த்தது’ என்ற இடத்தில் என் பெயர் விழும். தப்பு என்று தெரிந்த எதிலும் அதுவரை நான் என் பெயரைப் போட்டதில்லை. அவளுக்காகவா போடுவது என்று ஆத்திரம்தான் வந்தது.

“இன்னும் இல்ல பாஸ். ஒரு வேலய விட்டுட்டா,” என்றேன்.

மறுநாள் அவளிடம் நேராகவே கேட்டேன். “சிங்கப்பூர் எங்க?”

அவள் முகம் மாறியது. “அது வேணாம்லாக்கா. மேட்ரனோட சண்ட போட்டுட்டு வேலைய விட்டு நின்னுட்டேன். அவ நல்லபடியா அனுபவ லெட்டர் தர மாட்டா. சும்மா சுசா, தொல்லதான்.”

“மெல்பர்ன் போறப்ப அத எழுதுனியா இல்லியா?”

“எழுதுனேன். அது எப்பவோ. அதெல்லாம் எங்க பார்க்கப் போறாங்க?”

“பார்ப்பாங்க.”

விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “நான் போறது உங்களுக்குப் பொறுக்கல,” என்றாள்.

“பொறுக்கலதான். அதுக்கு நான் இத இப்படியே அனுப்பியிருந்தா போதும்.”

அவள் விண்ணப்பத்தை மறுபடி என் முன்னால் வைத்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள்.

சிங்கப்பூர் வேலையை உண்மையான தேதியோடு போட்டோம். மேட்ரன் கடிதம் ஏன் இல்லை என்று தனியாக விளக்கம் எழுதி, சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் சேர்த்தோம். சில மாதங்களில் பிஆர் கிடைத்துவிட்டது. அன்று ஆபீசில் எல்லாருக்கும் அவள் கேக் வாங்கி வந்தாள். என் பங்கை நான் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பிள்ளைகளே, முன்னால் எந்த நாட்டுக்கு எந்த விசா கேட்டார்கள், அதில் என்ன எழுதினார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பாதியில் விட்ட வேலை, சண்டை போட்டு விட்ட வேலை எல்லாவற்றையும் எழுத வேண்டும். எல்லா விண்ணப்பத்திலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். அசிங்கமான காரணத்துக்கு விளக்கம் கொடுக்கலாம், மறைத்ததற்குக் கொடுக்க முடியாது.

விஜயா இப்போது பெர்த்தில் இருக்கிறாள். ஒரு தடவை வந்து தங்கிவிட்டுப் போகச் சொல்லிப் போன மாதம் வற்புறுத்தினாள். எனக்கே எனக்கென்று முதல் தடவையாக ஒரு விசா விண்ணப்பம் நிரப்பினேன். வேலை அனுபவத்துக்கு நிறைய இடம் விட்டிருந்தார்கள். எனக்கு ஒரே வரி போதுமாக இருந்தது.