கில்பர்ன் யாழ்க்காரரிடம் பத்து மாதம் பிந்திப் போனேன்

மனோர் பார்க்கிலிருந்து கில்பர்னுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். வழி சொல்கிறேன். நான் ஏன் போனேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். வழி மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பதிவின் கடைசிப் பந்திக்குப் போகலாம்.

நான் போனது 2007 ஏப்ரல் மாதம், ஒரு புதன்கிழமை. போயிருக்க வேண்டியது அதற்கு முந்தைய ஜூன் மாதம்.

என் மனைவி மலர்விழி 2006 மார்ச்சில் இறந்துபோனாள். கில்பர்னில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு வருடம் பராமரிப்பு வேலை செய்தவள். ஜூனில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவளோடு வேலை செய்த ஜெசிந்தா, மன்னாரிலிருந்து வந்த பிள்ளை. 'அண்ணை, இங்கை டொனல் எண்டு ஒரு ஐரிஷ்காரர் இருக்கிறார். ஹார்ப் வாசிப்பார், கவிதையும் கட்டுவார். அக்கான்ரை பேரிலை ஒரு மெட்டுக் கட்டியிருக்கிறார். வீட்டு ஆள் வந்து முதல் கேட்டால்தானாம் மற்றவைக்கு வாசிப்பார். கெதியிலை வாங்கோ.'

நான் ஒரு வரி பதில் எழுதினேன்: 'ஆட்டைத்திவசம் முடியாமல் பாட்டுக் கேட்கமாட்டேன்.' முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தால் போதும் என்று மச்சான் சொன்னான். கோயில் ஐயரும் அதையே சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு வருடம் என்றால் ஒரு வருடம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷும் கணினியும் நானே தட்டித் தடவிப் பழகினேன். இன்னொருவர் சொல்லி ஒன்றை மாற்றிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

திவசம் முடிந்த அடுத்த புதன்கிழமை, காலை 9.20க்கு வீட்டை விட்டு இறங்கினேன். ஸ்டேஷனுக்குப் பதினான்கு நிமிட நடை. 9.41 ரயில், ஸ்ட்ராட்ஃபோர்டில் 9.48. அங்கிருந்து ஜூபிலி லைன் 9.55க்குக் கிளம்பி 10.37க்குக் கில்பர்ன் சேர்ந்தது. வழி பதினொரு மைல்தான் இருக்கும். மலர் இதே வழியில் காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போனவள். ஐந்தரைக்கு எழும்புவாள். ஏழு வருடத்தில் ஒரு நாளாவது நான் கூட வந்ததில்லை. ஃபின்ச்லி ரோடு வந்ததும் ரயில் மேலே வெளிச்சத்துக்கு ஏறுகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஸ்டேஷன் வாசலில் பஸ் ஏறினேன். ஓட்டுநர் நம்மவர் என்று பார்த்ததும் தெரிந்தது. இடத்தைச் சொன்னேன்.

"ஐயா, அது ரெண்டு தரிப்பு. நடந்தாலே போயிடலாம்."

"முதியோர் பாஸ் தந்தது பொக்கற்றுக்குள்ளை வைக்கவோ, தம்பி?"

"அப்ப இருங்கோ. கம்பியை மட்டும் வடிவாப் பிடியுங்கோ, விழுந்து என்ரை பேரைக் கெடுத்துப்போடாதேங்கோ."

இல்லத்து வாசலில் ஜெசிந்தா நின்றார். "இப்பதான் வழி தெரிஞ்சுதோ, அண்ணை?" என்றார். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. நடைபாதையில் வைத்தே விஷயத்தைச் சொன்னார். ஜனவரியில் டொனலுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்துவிட்டது. இடது பக்கம் திரும்பவில்லை.

டொனலின் அறை கீழ்த்தளத்தில், கடைசி. அவருக்கு வயது எண்பத்தொன்று. சக்கர நாற்காலியில் சவரம் செய்து, கழுத்துப் பட்டி கட்டி இருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீர்தானே யாழ்ப்பாணத்தார்? ஊரின்ரை பேரிலேயே யாழ் இருக்காம், வாசிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லையாம். மலர் சொன்னவ."

"எங்கடை யாழ் எப்பவோ போயிட்டுது" என்றேன்.

"எங்கடை ஐரிஷ் காசிலையும் யாழ்ப் படம்தான். செலவழிக்கத்தான் எல்லாருக்கும் தெரியும்" என்று சிரித்தார். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

யாழ் மூலையில் நின்றது. நாலடி உயரம், கறுத்த மரம், பித்தளைக் கம்பிகள். யாழை நேரே பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு தேவாலயத்தில் உடைந்து கிடந்ததை அவர் பதினாறு வயதில் தானே திருத்தி, தானே கம்பி கட்டி, தானே பழகினாராம். பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்து ஐம்பது வருடம் வீதி தோண்டினார். இந்த வகை யாழை நகத்தால் வாசிக்க வேண்டும். சீமெந்து நகத்தைத் தின்றுவிடும் என்று பாட்டை வாசிக்கும் இடது கைக்கு மட்டும் தோலுறை போட்டு வேலை செய்தாராம். 'சீமாட்டி' என்று மேற்பார்வையாளன் கூப்பிடுவானாம். இடது தோளில் யாழைச் சாய்த்து, இடது கையால் மேல் கம்பிகளில் பாட்டையும், வலது கையால் கீழ்க் கம்பிகளில் அதைத் தாங்கும் ஒலியையும் வாசிப்பது அவர் முறை.

வேலையில் மண் சரிந்தும் சாரம் விழுந்தும் செத்தவர்களுக்காக ஐரிஷ் மொழியில் கவிதை கட்டி, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மெட்டுப் போட்டிருக்கிறார். எதையும் எழுதி வைக்கவில்லை. கப்பலேறிப் போய், செத்தவனின் தாய்க்கு முன்னால் வாசித்து, அவள் 'கேட்டேன்' என்று சொன்ன பிறகுதான் வேறு யாருக்கும் வாசிப்பார். இது உங்கள் நாட்டு முறையா, உங்கள் பிடிவாதமா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். உம்மடை ஒரு வருசம் என்ன?"

அவர் இடது கையைப் பார்த்தேன். மடியில் மல்லாந்து கிடந்தது. நகங்கள் மட்டும் நீளமாக, சுத்தமாக அராவி விடப்பட்டிருந்தன.

"மலரின்ரை பாட்டு அந்தக் கையிலைதான் இருந்தது" என்றார். "நான் தலையிலை வைக்கிறேல்லை. கைக்குக் குடுத்துப்போட்டு மறந்துடுவன்." வாயால் முனகிப் பார்த்தார். நாலு சுரம் போய் வழி தவறியது. மறுபடி தொடங்கி, மறுபடி தவறி, நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அதாலை என்ன? உமக்குத் தெரியும்தானே. அவ எனக்குப் படுக்கை மாத்தேக்கை ஒவ்வொரு நாளும் ஒரு பாட்டு முணுமுணுப்பா. அதை வைச்சுத்தான் கட்டினனான். நீர் அதைப் பாடும். கீழ்க் கம்பி என்னட்டை இருக்கு, நான் பிடிச்சுக்கொள்ளுறன்."

என் மனைவி பாடுவாள் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

இல்லை, அது முழு உண்மை இல்லை. கல்யாணமான புதிதில் ஏதோ பாடுவாள். லண்டன் வந்த பிறகு இருபத்திரண்டு வருடம் எனக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை. பகலில் படுப்பேன். 'சத்தம் போடாதை, எனக்கு நித்திரை வேணும்' என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டளையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"வீட்டிலை பாடியிருப்பாவே!"

"இல்லை."

டொனல், கூட வந்து நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா தலையாட்டினார். "எனக்கும் தெரியாது. அக்கா கதவைச் சாத்திப்போட்டுத்தான் பாடுவா."

பிறகு டொனல் யாழைக் காட்டினார். சாய்த்துப் பிடிக்க இடது கை இல்லாததால் அதை அவர் தோளில் சாய்த்து நானே பிடித்துக்கொண்டேன். வலது கையால் கீழ்க் கம்பிகளில் வாசித்தார். ஒரு ஒலி, பிறகு இடைவெளி. இரண்டு ஒலி, நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில் மலரின் பாட்டு இருந்திருக்கிறது. மரம் என் உள்ளங்கைகளுக்குள் அதிர்ந்தது. நாலு நிமிடம் இருக்கும். பித்தளைக் கம்பி லேசில் ஓயாது. ஒரு கை அதை அமர்த்த வேண்டும். "கையை வைச்சு நிப்பாட்டும்" என்றார். நான் வைக்கவில்லை. அது அடங்கும் மட்டும் விட்டேன்.

"கேட்டீரோ?" என்றார். "கேட்டாச்சு எண்டு நீர் சொல்லவேணும்."

பாதியைக் கேட்டுவிட்டு முழுவதையும் கேட்டதாகச் சொல்கிற ஆள் நான் இல்லை. இல்லை என்றுதான் வாயைத் திறந்தேன். இல்லை என்றால் இனி அவர் அதை ஒருவருக்கும் வாசிக்கமாட்டார். அவர் போகும்போது இந்தப் பாதியும் போய்விடும். யாழ் இன்னும் என் கையில் இருந்தது.

"கேட்டன்" என்றேன்.

அன்று மூன்று மணிக்குப் பொது அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பதினைந்து கிழடுகள், ஒரு தொலைக்காட்சி. ஜெசிந்தா அதை நிறுத்தினார். "இது மலர்விழி" என்று முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்னார் டொனல். நான் யாழைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வழக்கம் பிழை என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ஒரு வருடம் பாட்டுக் கேட்கக் கூடாது என்றால் கேட்கக் கூடாதுதான். அதற்கு முன் அவளோடு வாழ்ந்த முப்பது வருடத்துக்கு என்னிடம் எந்த வழக்கமும் இல்லை. அதற்குக் குற்றம் சொல்லவும் எனக்கு வேறு ஆள் இல்லை.

போகிறவர்களுக்கு: முதியோர் பாஸ் இருந்தால் வார நாளில் ஒன்பதரைக்குப் பிறகு கிளம்புங்கள், செலவில்லை. பாஸ் இல்லாதவர்களுக்கு ரயிலில் காசு கொடுத்து வாங்கும் டிக்கெட் நாலு பவுண், பஸ்ஸுக்கு இரண்டு பவுண். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். பார்வையாளர் நேரம் பதினொன்று முதல் ஐந்து வரை. வாசலில் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். இனிப்பு கொண்டுபோகாதீர்கள், பாதிப் பேருக்குச் சீனி வியாதி. ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்கு அவர் வாசிக்கிறார். மேல் கம்பிகள் ஒலிக்கா. மலர்விழியோடு ஊரில் படித்தவர்கள், வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள், அவள் பாடிக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்தப் பாட்டென்று எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நேரே போய் அவருக்குப் பாடிக் காட்டுங்கள். இந்தப் புதன்கிழமையே போங்கள்.