ஐம்பது என்று எழுதிய கந்தப்பன்

டயகமப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு சிறு மின்நிலையம் உண்டு. ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, ஒரே ஒரு சுழலியை ஓட்டி, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மட்டும் மின்சாரம் தருவது. கந்தப்பன் 1994 ஜூன் 6, திங்கட்கிழமை அங்கே வேலைக்குச் சேர்ந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் பிந்தி வந்தது நான்கு நாட்கள். அதில் மூன்று நாள் பாதையில் மண்சரிவு. நான் ஸ்டோரின் தலைமை எழுத்தராக இருந்ததால் இவற்றைச் சொல்ல முடிகிறது.

2023 மார்ச்சில் சுழலியின் கவர்னரை மாற்றினார்கள். ஸ்டோரில் இயந்திரங்கள் கூடினால் தண்ணீரை அதிகம் திறந்து, குறைந்தால் அடைத்து, சுழலியின் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைப்பது கவர்னரின் வேலை. பழையது இரும்புக் குண்டுகளாலும் எண்ணெயாலும் ஓடியது. புதியது திரை வைத்த ஒரு பெட்டி. அது வந்தால் மின்நிலையத்தில் முறை வைத்து நிற்க மூன்று ஆட்கள் வேண்டாம், இருவர் போதும் என்று தோட்டத்து மானேஜர், பெரிய தொரை, சொல்லிவிட்டார். மூன்றாமவர் தேயிலை மலைக்குப் போய்ச் செடிகளைக் கவ்வாத்து வெட்டவேண்டும். கந்தப்பனுக்கு ஐம்பத்தைந்து வயது, முழங்காலில் வீக்கம்.

12ஆம் திகதி ஞாயிறு, கொழுந்து அரைக்காத நாளில், பெட்டியைப் பரிசோதித்தார்கள். குறை எதுவும் இல்லை. செவ்வாய் காலை 8.10க்குக் கொழுந்து அரைக்கும் முதல் ரோலரைப் போட்டார்கள், ஸ்டோர் இருண்டது. புதன் 8.25க்கு மறுபடியும். வியாழன் 8.05க்கு மறுபடியும். மீடிறன் குறைந்துவிட்டதால் நிறுத்தினேன் என்று பெட்டி ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் காட்டியது. மீடிறன் என்பது மின்சாரம் ஒரு செக்கனில் எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கு; சுழலி மெதுவானால் அதுவும் குறையும். அது ஐம்பதில் நிற்கவேண்டும்.

பெட்டியைப் பொருத்த வந்த பொறியியலாளர் நிரஞ்சன், ஹட்டன் பையன், வயர்களை மாற்றினார், வேகம் அளக்கும் உணரியை இரண்டு முறை மாற்றினார்.

"எனக்கே ஒண்ணும் வெளங்கலங்க" என்றார்.

"தொட்டியில கொழுந்து செவக்குது தம்பி. ஒங்க பெட்டியத் தூக்கி ரோலர்ல போட்டு அரைக்கவா?" என்றார் டீ மேக்கர் ஜூட்சன்.

வியாழன் மதியம் பெரிய தொரை என்னைக் கூப்பிட்டு, மூன்று தடவையும் யாருடைய முறை என்று கேட்டார். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். மூன்றும் கந்தப்பனுடைய முறை. மாலைக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் கதை பரவியது: மலைக்குப் போகப் பயந்து கந்தப்பன் பெட்டியைக் கெடுக்கிறார்.

அவர் என்னிடம் வந்தார். "ஐயா, நீங்களா சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"நெசந்தானுங்களே. எனக்கே கொழப்பமா இருக்கு. நா தெரியாம எதையாச்சும் தொட்டுட்டேனா?"

தொட்டாரா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வெள்ளி காலை நிரஞ்சன் மின்நிலையப் புத்தகங்களைக் கொண்டுவந்து கந்தப்பன் முன்னால் விரித்தார். மணிக்கொரு முறை எழுதவேண்டிய மீடிறன் கட்டத்தில், பத்து வருடமாக, எல்லாப் பக்கத்திலும் 50. நானும் கூடவே நின்றேன்.

"அண்ணே, இதப் பாத்துத்தான் பெட்டிய செட் பண்ணேன். நாப்பத்தெட்டரைக்குக் கீழ போனா ஒடனே நிறுத்தச் சொல்லிருக்கேன். பத்து வருஷமா அசையாத மெஷின் இப்ப மட்டும் ஏன் எறங்குது?"

கந்தப்பன் புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பவும் எறங்குமுங்களே. ரோலர் போட்டா மீட்டர் முள்ளு நாப்பத்தேழுக்குப் போயி, மெதுவா ஏறி வரும். பல்பு மங்கும்ல?"

"அப்ப இந்த அம்பது?"

"அது மெஷினோட நம்பருங்க."

கந்தப்பன் சேர்ந்த முதல் நாள், அப்போது இயந்திரங்களைப் பழுதுபார்த்த பிட்டர், இயந்திரத்தில் 50 என்று அடித்திருந்த தகட்டைக் காட்டி, இந்தக் கட்டத்தில் இதைத்தான் எழுதவேண்டும் என்றாராம். கட்டத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு லயத்துக்கும் நம்பர் இருப்பதுபோல இதுவும் என்று கந்தப்பன் எடுத்துக்கொண்டார். மற்ற இருவரும் அவரைப் பார்த்தே எழுதினார்கள்.

"ஐயோ அண்ணே!" என்று நிரஞ்சன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் சரிபார்த்ததாகக் கையொப்பம் இட்டவன் நான். ஒரே எண் வருவதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

நாற்பத்தாறுக்குக் கீழே பத்துச் செக்கன் நின்றால் மட்டும் நிறுத்துமாறு பெட்டியின் அமைப்பை மாற்றினார்கள். 9.40க்கு ரோலரைப் போட்டார்கள். விளக்கு மங்கியது, நாற்பத்தேழைத் தொட்டது, ஏறியது. ஸ்டோர் ஓடியது.

20ஆம் திகதி கந்தப்பனுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன, இரண்டும் ஆங்கிலத்தில். வாசித்துக் காட்டினேன். ஒன்று, பிழையைக் கண்டுபிடிக்க உதவியதற்குப் பாராட்டு. மற்றது, இருபத்தொன்பது வருடம் பிழையாக எழுதியதற்குக் கடும் எச்சரிக்கை. இரண்டிலும் ஒரே கையொப்பம், ஒரே திகதி. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

"அப்ப நா இருக்கேனா, மலைக்குப் போறேனாங்க?"

கடிதங்களில் அது இல்லை. இருவரும் ஆபீசுக்குப் போனோம்.

"பெட்டி பழகுற வரைக்கும் மூணு பேரும் இருங்க" என்றார் பெரிய தொரை.

"தொரை, பழகுறதுன்னா பெட்டி எங்களப் பழகுறதா, நாங்க பெட்டியப் பழகுறதா?"

தொரை என்னைப் பார்த்தார். நான் கந்தப்பனைப் பார்த்தேன். 2024 ஒக்டோபர் 31ஆம் திகதி நான் ஓய்வு பெற்றபோது மூவரும் அங்கேயே இருந்தார்கள். எது வரைக்கும் என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.