கிரிவலப் பாதையில் ஒரு பேசின் கீரை முக்கோணம்

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறுகிறவன் ஒன்று பக்திமானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலண்டர் பார்க்காதவனாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். காலை ஆறு மணிக்கு வேலூரில் ஏறியவனுக்குப் போளூர் வரைக்கும் நிற்கத்தான் இடம் கிடைத்தது. எண்பத்தைந்து கிலோமீட்டர், அறுபத்தைந்து ரூபாய் டிக்கெட். பஸ்ஸில் எல்லோரும் மலையைச் சுற்றப் போனார்கள். நான் மட்டும் என் தங்கை மலர்விழிக்குப் புத்தி சொல்லப் போனேன்.

மலர் கணக்கில் பட்டம் வாங்கியவள். மூன்று வருஷம் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தினாள். திடீரென்று அதை விட்டுவிட்டு, ரமணாசிரமம் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் உதவிக்குச் சேர்ந்தாள். இப்போது அதையும் விட்டுவிட்டு, வீட்டிலேயே கிரேக்க நாட்டுப் பலகாரம் செய்து கஃபேக்களுக்குக் கொடுக்கப் போகிறாளாம். போளூரில் என் சிநேகிதன் தாமு ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறான். அவனிடம் சொல்லி அவளுக்கு ஒரு வேலை பிடித்து வைத்திருந்தேன். இன்று ராத்திரிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவான்.

எட்டரை மணிக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கினேன். மலரின் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. புதிதாக முளைத்த தெரு, பாதி மனைகள் இன்னும் காலி. கதவைத் திறந்தவுடன் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டேன், ஆறப்போடுவது என் சுபாவம் கிடையாது. அவள் கோபப்படவில்லை. செங்கம் ரோட்டில் ரேவதி மேடத்தின் கஃபே இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பது உருப்படி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், பௌர்ணமிக் கூட்டத்தில் விற்றுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்றாள். "அவங்க வேணாம்னு சொல்லிட்டா திங்கக்கிழமையே போளூர் போறேண்ணா. சத்தியமா" என்றாள். நியாயமான பேச்சு. எனக்கு ஒரு நாள்தானே செலவு என்று சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அந்தச் சமையலை உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். விடுதியில் தங்கியிருந்த ஒரு கிரேக்கப் பெண்மணி சொல்லிக் கொடுத்ததாம். அவர்கள் ஊரில் காகிதம் போன்ற மாவுத் தாள் கடையிலேயே விற்கிறதாம். நமக்கு அது எங்கே கிடைக்கும்? மலர் மைதாவில் உப்பும் எண்ணெயும் நாலு சொட்டு எலுமிச்சையும் விட்டுப் பிசைந்தாள். சின்னச் சின்னப் பூரியாக இட்டு, நடுநடுவே எண்ணெய் தடவி மாவு தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கை அப்படியே சேர்த்து மெல்லிசாகத் தேய்த்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் லேசாகச் சூடு காட்டி, தாள் தாளாகப் பிரித்தாள். எனக்கு உடனே பிடிபட்டது. வேலூரில் நோன்பு மாதத்தில் எங்கள் தெரு முழுக்க சமோசா மடிக்க இதே மாவுத் தாளைத்தான், பட்டி என்ற பெயரில், போடுவார்கள். கிரேக்கத்துக்குப் போகும் வழியில் வேலூரும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பாலக்கீரையைப் பொடியாக அரிந்து உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிய வேண்டும். வேகவைக்கக் கூடாது. முதல் தடவை செய்தபோது, கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் எங்கள் மாப்பிள்ளை குமார், ஒத்தாசை செய்கிறேன் என்று அவ்வளவு கீரையையும் பூண்டு போட்டு வேகவைத்து மத்தால் கடைந்து வைத்துவிட்டாராம். நம் பக்கத்து ஆள் கீரையைப் பார்த்தால் வேறு என்ன செய்வான்? "அன்னிக்கு மூணு வேளையும் கீரை சாதம் மச்சான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். இந்த முறை அவருக்குப் பன்னீர் உதிர்க்கிற வேலை மட்டும்தான் கொடுக்கப்பட்டது.

கிரேக்க நாட்டுப் பாலாடைக்கட்டி உப்பும் புளிப்புமாக இருக்குமாம். அதற்குப் பதிலாக உதிர்த்த பன்னீரில், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்தாள். அதோடு கீரை, வெங்காயத்தாள், புதினா, மிளகுத்தூள், துளி ஜாதிக்காய். மாவுத் தாளை நீளநீளமாக நறுக்கி, ஒரு முனையில் ஒரு ஸ்பூன் கீரைக் கலவை வைத்து, முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே போனாள். மேலே உருக்கிய வெண்ணெய் தடவி ஓவனில் இருபது நிமிஷம். விற்பது ஆசிரமத்துப் பக்கம் என்பதால் முட்டை கிடையாது. முதல் ஈடு வெளியே வந்தபோது ஒன்றை எடுத்துக் கடித்தேன். மேலே மொறுமொறுவென்று உதிர்ந்தது, உள்ளே புளிப்பும் காரமும் அளவாக இருந்தது. போளூர் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வாயில் இடமும் இல்லை.

நாலு மணிக்கு அகலமான எவர்சில்வர் பேசினில் நாற்பதையும் அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, ஆட்டோ பிடித்தோம். குமார் வீட்டில் தங்கிவிட்டார். டிரைவர் முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். சந்து சந்தாகப் புகுந்து செங்கம் ரோட்டின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வண்டிய வுடமாட்டாங்க சார். நடந்து போயிடுங்க, ஒன்றரை கிலோமீட்டர்தான்" என்றார். ரோடு நிறைய ஜனம், வெறுங்காலோடு, ஒரே திசையில். நானும் செருப்பைக் கழற்றி மலரின் பையில் போட்டுவிட்டுப் பேசினைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் மலர், ஆவி அடைத்தால் நமுத்துப் போகும், துணியைக் கொஞ்சம் விலக்கி வைண்ணா என்றாள். பேசினை இறக்கித் துணியை விலக்கினேன். அவ்வளவுதான். பின்னால் வந்த ஒரு பெண்மணி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் பெரிய பாத்திரத்தைத் திறந்துகொண்டு ஒருவன் நின்றால் அது அன்னதானம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இல்லை.

நான் துணியை இழுத்து மூடப் போனேன். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "கை நீட்டிட்டாங்கண்ணா. இந்த ரோட்ல நின்னுகினு இது விக்கிறதுக்குன்னு எப்டி சொல்றது?" என்றாள். பிறகு டிபன் பாக்ஸில் ஆறு உருப்படியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, முதல் முக்கோணத்தை அந்தப் பெண்மணியின் கையில் வைத்தாள்.

சும்மா கொடுக்கவில்லை. ஒவ்வொருவரையும் கொஞ்சம் நிறுத்தி, உப்பு சரியா இருக்குதா, புளிப்பு ஜாஸ்தியா என்று கேட்டாள். செய்யாறிலிருந்து வந்த ஒரு பெரியவர் காரம் கம்மி என்றார். ஒரு காலேஜ் பெண் இது என்ன சமோசா என்று கேட்டு, பதில் வருவதற்குள் தோழிக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள். முதலில் கை நீட்டிய பெண்மணி திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றார். பேசின் காலியானதும் பின்னால் நின்றவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவள் தோற்க வேண்டும் என்று காலையில் வந்தவன் நான். இப்போது அந்தக் காலிப் பேசினைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கஃபேயில் ரேவதி மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆறு உருப்படியைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், வெடுக்கென்று பேசுகிறவர். மலர் மழுப்பவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். "வியாபாரத்துக்கு வந்த பொருளை தானம் பண்ணிட்டு வந்து நிக்கிற" என்றார் அவர். மலர் ஆமாம் மேடம் என்றாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று அசட்டையாகக் கேட்டார். மலர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள்: நம் ஊர்க்காரர்களுக்குக் காரம் போதவில்லை, உப்பு எல்லோருக்கும் சரி, வயதானவர்களுக்கு ஓரம் கடிக்கக் கடினமாக இருக்கிறது, அடுத்த முறை ஓரத்தில் வெண்ணெய் கூடத் தடவ வேண்டும். மேடம் மெல்லுவதை நிறுத்தினார். "பன்னெண்டு வருஷமா கடை நடத்தறேன். எங்கிட்ட யாரும் இவ்ளோ சொன்னதில்ல" என்றார்.

இரண்டாவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, சம்பளம் போட்டுத் தருகிறேன், இங்கேயே வந்து என் சமையலறையில் செய் என்றார். நல்ல சம்பளம்தான் சொன்னார். நான் தலையாட்டுவதற்குள் மலர் பேசிவிட்டாள்.

"இல்ல மேடம். என் வீட்ல செஞ்சு எடுத்துனு வரேன். பலகையில என் பேரு இருக்கணும்."

ரேவதி மேடம் சாக்பீஸை எடுத்து, அன்றைய பட்டியல் எழுதியிருந்த கரும்பலகையின் அடியில் தானே எழுதினார்: மலர்விழியின் கீரைப் பன்னீர் முக்கோணம், திங்கள் முதல். நான் அதை மூன்று முறை படித்தேன். எங்கள் குடும்பத்துப் பெயர் ஒன்று ஒரு கடைப் பலகையில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது, சொல்ல என்ன வெட்கம்? பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், அது என் தங்கச்சி என்றேன்.

மலரை வீட்டில் விட்டுவிட்டு ஏழு மணிக்கு வேலூர் பஸ் ஏறினேன். எல்லோரும் ஊருக்குள் வந்துகொண்டிருந்ததால், திரும்பிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமே கிடைத்தது. போளூர் வருவதற்குள் தாமு போன் செய்துவிட்டான்.

"இன்னாடா, உன் தங்கச்சி எப்ப சேருது?"

"சேராது. உன் ஸ்கூல்ல யாராச்சும் வேலைய வுடறதா இருந்தா சொல்லு" என்றேன். "மலர் கிட்ட சொல்லிப் பாக்கறேன். அதுக்கு ஆள் தேவப்படும்."